சும்மாடும் சிவப்புத் தொப்பியும்

பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் காய்கறியைப் பார்ப்பார்கள், மீனைப் பார்ப்பார்கள், பூ விலை கேட்பார்கள். நான் கொஞ்ச நாளாகத் தலைகளைப் பார்த்து வருகிறேன்.

விடியற்காலை, மூட்டைகள் இறங்குகிற நேரம். பழந்துண்டை முறுக்கி, வளையமாகச் சுற்றி, உச்சந்தலையில் பொருத்தி, அதன்மேல் வெங்காய மூட்டையை ஏற்றிக்கொண்டு ஒருவர் சந்துக்குள் திரும்புகிறார். அந்தத் துணி வளையத்துக்குச் சும்மாடு என்று பெயர். மீன்கூடை சுமந்து வரும் அம்மாக்களுக்குத் தனித்துண்டு வேண்டியதில்லை. சேலைத் தலைப்பையே சுருட்டிச் சும்மாடாக்கிக்கொள்கிறார்கள். வாழைத்தார்க் கடையில் ஒரு முண்டாசு, மளிகைக் கடையில் ஒரு வெள்ளைக் குல்லா, பூக்கடையில் சாமந்திக் கூடைக்குப் பின்னால் முக்காடிட்ட ஒரு பாட்டி. கூரைக்கு வெளியே வந்து நேரு வீதியின் வெளிச்சத்துக்குக் கண் பழகியதும், அத்தனை தலைகளுக்கும் நடுவே ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிகிறது. காக்கிச் சட்டைக்கு மேலே, தட்டையான உச்சியும் குட்டி முகப்பும் உள்ள சிவப்புத் தொப்பி. புதுச்சேரிக் காவலர்.

கோரிமேட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் கால் வைத்தால் இந்தத் தொப்பி மறைந்துவிடும். காரைக்காலுக்குள் நுழைந்தால் திரும்ப வரும். மலையாளம் பேசும் மாஹேயிலும் தெலுங்கு பேசும் ஏனாமிலும் காவலர் தலையில் இதே சிவப்பு உண்டு. ஒன்றோடொன்று ஒட்டாமல் மூன்று மாநிலங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் நான்கு ஊர்களை ஒரே நிர்வாகம் என்று சொல்லிக் காட்ட, வரைபடத்தைவிட இந்தத் தொப்பி எளிது.

இதன் பெயர் கெப்பி. ஜெர்மன் பேசும் சுவிஸ் வட்டாரத்தில் சின்னத் தொப்பியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. பிறந்தது வடஆப்பிரிக்கப் போர்க்களத்தில். 1830இல் அல்ஜீரியாவைப் பிடிக்கப் போன பிரெஞ்சுப் படையினர் பானையைக் கவிழ்த்த மாதிரி உயரமான, கனத்த தொப்பிகளை அணிந்திருந்தார்கள். அந்த வெயிலில் அது தலைக்குத் தண்டனை. அதனால் மெல்லிய துணித் தொப்பி ஒன்றைச் செய்துகொண்டார்கள். அதுதான் வளர்ந்து கெப்பி ஆயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்புமே அதை அணிந்தன. பிரெஞ்சு வெளிநாட்டவர் படையின் அடையாளம் வெள்ளைக் கெப்பி. பிரெஞ்சுத் தலைவர் தெகோலின் படத்தை யார் வரைந்தாலும் முதலில் அவர் மூக்கை வரைவார்கள், அடுத்தது கெப்பியை.

வெயிலுக்காகப் பிறந்த தொப்பிதான் என்றாலும், கெப்பி நெற்றிக்கு மட்டுமே நிழல் தரும். காதும் பிடரியும் காய்ந்துகொண்டிருக்கும். அல்ஜீரியாவில் இருந்தவர்கள் பின்பக்கம் ஒரு துணியைத் தொங்கவிட்டுப் பிடரியை மறைத்துக்கொண்டார்கள். கத்திரி வெயிலில் நேரு வீதி முனையில் ஐந்து மணி நேரம் நிற்கும் ஒருவருக்கு அந்தத் துணி இல்லை. சுற்றுலாப் பயணிகள் அந்தத் தொப்பியைப் படம் பிடித்துக்கொண்டு போகும்போதெல்லாம், தொப்பிக்குக் கீழே வழியும் வியர்வையைத்தான் நான் பார்க்கிறேன்.

சிவப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் கரைக்கு அந்நியமான நிறம் இல்லை. பிரெஞ்சுப் படையின் கெப்பிக்கும் காற்சட்டைக்கும் அந்தச் சிவப்பைத் தந்தது ஒரு செடியின் வேர். நம் மஞ்சிட்டியின் உறவுக்காரச் செடி அது. தெற்குப் பிரான்சில் வயல் வயலாகப் பயிரிட்டார்கள். சோழமண்டலக் கரையில் மணற்பாங்கான இடங்களில் சாயவேர் என்று ஒன்று விளையும். ஐரோப்பிய வணிகர்கள் கப்பல் கப்பலாக ஏற்றிப்போன நம் சித்திரத் துணிகளின் சிவப்பு அதிலிருந்து வந்ததுதான். இரண்டு வேர்களிலும் நிறம் தரும் பொருள் ஒன்றே, அலிசரின். 1860களின் கடைசியில் ஜெர்மன் வேதியியலாளர்கள் அதை ஆலையில் செய்யக் கற்றார்கள். பிரான்சின் வயல்களும் அழிந்தன, நம் சாயவேர்த் தொழிலும் நலிந்தது. பிரான்சின் பெருமைக்குரிய அந்தச் சிவப்பு எதிரி நாட்டுச் சாயத்தால் ஏற்றப்படும் நிலை வந்தது.

அந்தச் சிவப்போடுதான் 1914இல் பிரான்ஸ் போருக்குப் போனது. தொப்பிமேல் நீல உறை மாட்டியிருந்தார்கள், காற்சட்டை சிவப்பாகவே இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 ஒரே நாளில் ஏறத்தாழ 27,000 பிரெஞ்சு வீரர்கள் செத்தார்கள். இயந்திரத் துப்பாக்கியும் பீரங்கிச் சிதறலும் சிவப்பு, நீலம் என்று வேறுபாடு பார்க்கவில்லை என்றாலும், தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற உடுப்பு அது என்பதை யாரும் மறுக்க முடியாது. மறு ஆண்டு உடுப்பு மங்கிய வான நீலத்துக்கு மாறியது. துணித் தொப்பியின் இடத்துக்கு அத்ரியான் என்ற அதிகாரியின் பெயரால் வழங்கும் எஃகுக் கவசம் வந்தது. போர்க்களத்தில் கெப்பியின் காலம் அதோடு முடிந்தது. அணிவகுப்பிலும் அலுவலிலும் அது நீடித்தது. பெரிய மார்க்கெட் வாசலில் இன்னும் நீடிக்கிறது.

இந்த ஊரில் தொப்பி வெறும் உடுப்பாக ஒருநாளும் இருந்ததில்லை. அது மனிதர்களை வகைபிரித்த பொருள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி மக்களைக் கணக்கெடுத்தபோது ஐரோப்பியர் என்றும் இந்தியர் என்றும் எழுதிவிட்டு, இடையில் ‘தொப்பாஸ்’ என்று ஒரு பிரிவை வைத்தார்கள். அதற்கு இன்னொரு பெயர் ‘தொப்பி அணிந்தோர்’. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்தே ஐரோப்பியக் கலப்பில் பிறந்தவர்களும், மதம் மாறி ஐரோப்பிய உடை உடுத்தியவர்களும் அதில் அடங்கினார்கள். ‘தொப்பாஸ்’ என்ற சொல்லின் வேர் எதுவென்று அறிஞர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். ஊர் அதைத் தொப்பியோடுதான் சேர்த்துப் புரிந்துகொண்டது. தலைப்பாகை ஒரு பக்கம், தொப்பி மறுபக்கம். எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பதைத் தூரத்திலிருந்தே தலை சொல்லிவிடும்.

மார்க்கெட்டை ஒட்டி, ரங்கப்பிள்ளை வீதியில், பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1738இல் கட்டிய மாளிகை இருக்கிறது. கீழ்த்தளத்தில் நம்மூர் மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். 1736இல் தொடங்கி ஏறக்குறைய சாகும்வரை அவர் எழுதிய நாட்குறிப்பில், யாருக்கு எந்த மரியாதை, யார் பல்லக்கில் போகலாம், யார் எதைப் பூண்டு கவர்னர் முன் நிற்கலாம் என்பதெல்லாம் உயிர்போகிற விஷயங்கள். இதை வெறும் ஆடம்பரம் என்று இன்று தள்ளிவிடுவது எளிது. எழுத்துச் சட்டம் எட்டாத ஒரு காலத்தில், உடம்பின்மேல் இருப்பதுதான் ஒருவனுடைய உரிமைப் பத்திரம்.

அந்த நாட்குறிப்பின் கடைசி ஆண்டுகளில் ஊருக்குள் வருகிறார் லாலி. 1758 ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியில் இறங்கினார். பிரெஞ்சுத் தளபதி என்று பாடப்புத்தகம் சொல்லும். அவர் அயர்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை. 1691இல் லிமெரிக் உடன்படிக்கைக்குப் பின், தோற்ற அயர்லாந்து வீரர்கள் ஆயிரக்கணக்கில் நாட்டைவிட்டுப் பிரான்சுக்குப் போனார்கள். ‘காட்டு வாத்துகள்’ என்று அவர்களை அழைப்பார்கள். லாலியின் தந்தை கால்வே வட்டாரத்துக்காரர். அந்தப் புலம்பெயர்ந்தோரைக் கொண்டு 1744இல் எழுப்பப்பட்ட லாலி படைப்பிரிவும் அவரோடு இங்கே வந்தது. பிரான்சுக்காகப் போரிட்டாலும் அந்த அயர்லாந்துக்காரர்கள் செஞ்சட்டைதான் அணிந்தார்கள். இழந்துபோன தங்கள் அரசரின் படை நாங்கள் என்று சொல்லும் நிறம் அது. தலையில் மட்டும் அன்றைய ஐரோப்பியப் படைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கறுப்பு மும்முனைத் தொப்பி.

லாலியை நம் ஊர் அன்போடு நினைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. கடலூர்ப் பக்கம் செயிண்ட் டேவிட் கோட்டையைப் பிடிக்க வண்டிமாடு போதாதபோது, ஊர் மக்களைச் சாதி வேறுபாடு பாராமல் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். சம்மதம் கேட்கவில்லை. கீவளூர்க் கோயிலில் அர்ச்சகர்களை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். சும்மாடு என்றதும் அவர் தூக்க வைத்த அந்தச் சுமைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. துப்பாக்கி முனையில் தலைமேல் ஏற்றப்பட்ட அந்தச் சுமைக்குக் கூலி கிடைத்திருக்கும் என்று தோன்றவில்லை.

1760 ஜனவரி 22. வந்தவாசி. ஒரு பக்கம் லாலியும் அவருடைய அயர்லாந்துப் படைப்பிரிவும். எதிர்ப்பக்கம் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், அவரும் அயர்லாந்தின் லிமெரிக்கில் பிறந்தவர். வடஆர்க்காட்டு மண்ணில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்குமாக இரண்டு அயர்லாந்துக்காரர்கள் மோதிக்கொண்டார்கள். இரு பக்கமும் நம் சிப்பாய்கள் நின்றார்கள். லாலி தோற்றார். ஓராண்டு கழித்து, 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. நகரத்தை ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளினார்கள். அதே மாதம்தான் ஆனந்தரங்கப் பிள்ளையும் இறந்தார். பாரிசுக்குத் திரும்பிய லாலியைத் துரோகி என்று விசாரித்து 1766 மே மாதம் தலையை வெட்டினார்கள். எழுத்தாளர் வோல்டேர் அவருக்காக வாதாடினார். 1778இல் தீர்ப்பு செல்லாது என்றாயிற்று. அந்நியப் படையில் சேர்ந்தவன் வென்றால் அந்தப் படையின் வீரன், தோற்றால் அந்நியன்.

வேலூரைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் தொப்பியைப் பற்றி எழுத முடியாது.

1805 நவம்பரில் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரேடக் ஒரு புது ஒழுங்குமுறைக்கு ஒப்புதல் தந்தார். கிரேடக் டப்ளின் நகரத்தில் பிறந்தவர், அங்கே பேராயராக இருந்தவரின் மகன். இனிச் சிப்பாய்கள் நெற்றியில் சமயச் சின்னம் இடக்கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாகக் கத்தரிக்க வேண்டும். பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தொப்பியை ஒத்த ஒரு புதுத் தலையணியை அணிய வேண்டும். அதில் தோலால் செய்த ஒரு சின்னம் குத்தியிருக்கும்.

அந்தத் தோல் எந்த விலங்கின் தோல் என்ற கேள்வி இந்துச் சிப்பாயையும் முஸ்லிம் சிப்பாயையும் ஒரே சமயத்தில் குடைந்தது. அதோடு அந்த வடிவமும். தமிழ்நாட்டுச் சிப்பாயின் கண்ணுக்கு அது தலைப்பாகையாகத் தெரியவில்லை, தொப்பியாகத் தெரிந்தது. தொப்பி போடுகிறவன் யார் என்பது அவனுக்கு நூறு ஆண்டுகளாகத் தெரியும். இன்று தொப்பி, நாளை சர்ச் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். ஊருக்குப் போனால் உறவுகள் பெண் தராது, பந்தியில் உட்கார வைக்காது என்ற அச்சம். இதை மூடநம்பிக்கை என்று எழுதிய ஆங்கில அதிகாரிகள் உண்டு. என் கணிப்பில் அந்தச் சிப்பாய்கள் நிலைமையைத் துல்லியமாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். தன் தலையில் எது இருக்க வேண்டும் என்பதைத் தான் முடிவு செய்ய இயலாதவன், மற்ற எதையும் முடிவு செய்யப் போவதில்லை.

1806 மே மாதம் வேலூரில் ஒரு படைப்பிரிவு புதுத் தலையணியை அணிய மறுத்தது. மறுத்தவர்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி விதித்தார்கள். எச்சரிக்கை அங்கேயே கிடைத்திருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. 14 அதிகாரிகளும், 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த 100க்கும் மேற்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களும் கொல்லப்பட்டார்கள். கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் காவலில் இருந்தார்கள். மைசூர்க் கொடி சில மணி நேரம் பறந்தது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்து கிளர்ச்சியை நசுக்கியவர் கில்லஸ்பி. அவரும் அயர்லாந்துக்காரர், டவுன் மாவட்டத்தில் கோம்பர் என்ற ஊரில் பிறந்தவர். சிப்பாய்களில் ஏறத்தாழ 350 பேர் அன்று செத்தார்கள். பலரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பின்னர் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டதும் தூக்கிலிட்டதும் தனி.

புதுத் தலையணி உத்தரவு ரத்தாயிற்று. தளபதி கிரேடக்கையும் சென்னை கவர்னர் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுவதற்கு 51 ஆண்டுகள் முன்னால், ஒரு தொப்பிக்காக நடந்தது இது. தொப்பி ஒரு சாக்கு, உண்மைக் காரணம் அரசியல் என்று சொல்கிற வரலாற்றாசிரியர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் தலையணி தனியாகவும் அரசியல் தனியாகவும் இருந்ததாக நான் நம்பவில்லை.

அடுத்த தலைமுறைகளில் புதுச்சேரியில் நடந்தது இதற்கு நேர் எதிரான கதை. இங்கே தொப்பியைத் தேடிப்போனார்கள்.

துண்டு என்பது எல்லோர் தோளிலும் ஒரேபோல இருந்ததில்லை. ஊர்த்தெருவில் பெரியவர் வந்தால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டியவர்கள் இருந்தார்கள். முண்டாசோடு எதிரே போனால் அடி விழும். செருப்பும் அப்படித்தான். 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய பாணிக் காலணியோடு புதுச்சேரி நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று அவருக்குத் தடை விதித்தார்கள். அவர் பிரான்சின் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார். 1881 செப்டம்பர் 21இல் வந்த ஆணை ஒன்று, தன் சமூகத்துக்குரிய தனிச்சட்டத்தை ஒருவர் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. துறந்தவர்கள் பிரெஞ்சுப் பாணியில் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி ‘லாபோர்த்’ ஆனார், வாசல் என்று பொருள். அந்த வாசல் வழியே நுழைந்தவர்களில் கிறிஸ்தவர்களும், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட சாதியினரும் நிறையப் பேர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரர்களும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்கள்.

புதுச்சேரித் தமிழில் அவர்களுக்கு ஒரு சொல் உண்டு. சொல்தா. சிப்பாய் என்பதன் பிரெஞ்சுச் சொல், நம் நாக்கில் உருண்டு ஊர்ச் சொல் ஆகிவிட்டது. சொல்தா வீடு, சொல்தா பென்ஷன், சொல்தா மாப்பிள்ளை. சின்ன வயதில் எங்கள் தெருவிலும் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். கால்சட்டை மடிப்புக் கலையாமல் காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போவார். கையில் வலைப்பை, தலையில் சாய்வாக ஒரு பெரே தொப்பி. மீன்காரம்மாவிடம் தமிழில் பேரம் பேசிவிட்டு, எதிரே வரும் இன்னொரு சொல்தாவிடம் பிரெஞ்சில் குசலம் விசாரிப்பார். கோயில் திருவிழாவாகட்டும், தேவாலயமாகட்டும், தொப்பியை எப்போது கழற்றுவது என்பதை அவரே முடிவு செய்தார். இதைவிடப் பெரிய சம்பாத்தியம் அவர் வாழ்க்கையில் வேறென்ன இருந்திருக்க முடியும் என்று இன்று யோசிக்கிறேன்.

அவர்கள் போன போர்களின் பட்டியல் சின்னது அல்ல. முதல் உலகப் போர். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் புதுச்சேரி கவர்னர் பொன்வென் தெகோல் பக்கம் நின்றார், இங்கிருந்து போனவர்கள் சுதந்திர பிரான்சின் படையில் சேர்ந்தார்கள். அதன்பின் இந்தோசீனா, அல்ஜீரியா. கடைசி இரண்டையும் எழுதும்போது மனம் கனக்கிறது. வியட்நாமியரும் அல்ஜீரியரும் தங்கள் மண்ணுக்காகப் போராடிய இடத்தில், பிரான்சின் துப்பாக்கியோடு நம் ஊர்ப் பிள்ளைகள் நின்றார்கள். 1954 மே 7இல் வியட்நாமில் பிரெஞ்சுப் படை காத்துநின்ற தியன் பியன் பூ வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. அந்நியன் படையில் இருந்தவர் என்று ஊர் ஒருவரைச் சொல்ல அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தபோது, எந்த நாட்டுக் குடியுரிமை என்று தேர்ந்தெடுக்க ஆறு மாதம் தந்தார்கள். சில ஆயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே இருந்துகொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சொல்தா குடும்பங்கள். அவர்களைத் துரோகிகள் என்று பேசியதை நானே கேட்டிருக்கிறேன். தலைத்துண்டைக் கழற்றச் சொன்ன ஊரைவிடத் தொப்பியைக் கொடுத்த நாட்டை ஒருவர் நம்பியிருந்தால், அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியது ஊர்தான்.

இந்த இடத்தில்தான் அயர்லாந்துச் சிப்பாயின் தொப்பி எனக்கு நெருக்கமாகிறது. அதன் பெயர் கோபீன். அயர்லாந்து மொழியில் பழைய, உருக்குலைந்த தொப்பி என்று பொருள். கிழங்கு விளைவிக்கும் குடியானவன் தலையில் இருந்தது, நம் ஊரில் முண்டாசு மாதிரி. 1646இல் பென்பர்ப் போரில் வென்ற ஓவன் ரோ ஓநீல் அப்படியொரு தொப்பியில் இறகு செருகியிருந்தார் என்பது அங்கே வழங்கும் மரபுக்கதை. பிரிட்டிஷ் ராணுவத்தின் அயர்லாந்துப் படைப்பிரிவுகளில் முதலில் பைக்குழல் வாசிப்பவர்கள் அணிந்தார்கள். இரண்டாம் உலகப் போரில், இத்தாலிய முனையில், 1944இல் 38ஆம் அயர்லாந்துப் பிரிகேட் அதைத் தனக்கென எடுத்துக்கொண்டது. ராணுவம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தொப்பியைத் தந்தபோது, இவர்கள் எங்களுக்கு எங்கள் தொப்பி என்றார்கள். அகலமான கரும்பச்சைத் தொப்பி, மேலே படைப்பிரிவுக்கு ஒரு நிறத்தில் இறகுக் குஞ்சம்.  தூரத்திலிருந்து பார்க்கும்போதே வேற்றுமை தெரிய வேண்டும் என்ற எண்ணம்.

அதே 1944 மே மாதம், அதே இத்தாலியில், கசினோ மலையடிவாரத்து லிரி பள்ளத்தாக்கில் 8ஆம் இந்திய டிவிஷனும் போரிட்டது. மொரோக்கோ, அல்ஜீரியக் குடியேற்றங்களிலிருந்து பிரான்ஸ் கொண்டுவந்த படைகளும் போரிட்டன. தலைப்பாகை, கோபீன், ஆப்பிரிக்கச் சிவப்புக் குல்லா. அடிமை நாடுகளின் தலையணிகள் எல்லாம் ஒரே பள்ளத்தாக்கில் கூடியிருந்த மாதம் அது.

வேலூரில் தொப்பியை வேண்டாம் என்று எறிந்தார்கள். புதுச்சேரியில் ஆள்பவனின் தொப்பியை வாங்கித் தனதாக்கிக்கொண்டார்கள். அயர்லாந்துக்காரர்கள் தங்கள் வயற்காட்டுத் தொப்பியை ஆள்பவனின் படைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இந்த மூன்றில் எது மானம், எது சரணாகதி என்று தராசு பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று பேரும் தலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்த்தார்கள்.

வீடு திரும்பியபின் நடந்ததும் ஒன்றுபோலவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இன்றைய அயர்லாந்துக் குடியரசுப் பகுதி நடுநிலை வகித்தது. பிரிட்டிஷ் படையில் இருந்த அதன் பிள்ளைகள் விடுப்பில் ஊருக்குப் போகும்போது ராணுவ உடுப்போடு போகக்கூடாது, சாதாரண உடைக்கு மாற வேண்டும். கோபீனை அம்மா பார்க்க முடியாது. முதல் உலகப் போரில் இறந்த அயர்லாந்து வீரர்களுக்காக டப்ளினின் ஐலண்ட்பிரிட்ஜில் ஒரு நினைவுத் தோட்டம் உண்டு. வடிவமைத்தவர் லட்யன்ஸ், டெல்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்த அதே மனிதர். 1930களில் கட்டிமுடித்த அந்தத் தோட்டம் பராமரிப்பின்றிப் பாழாகி, சீரமைத்து முறைப்படி அர்ப்பணிக்க 1988 ஆயிற்று. வேறொருவன் கொடியின்கீழ் செத்தவனை எப்படித் துக்கம் கொண்டாடுவது என்று அந்த நாட்டுக்கு ஐம்பது ஆண்டுகள் தெரியவில்லை.

நம் கடற்கரையில், காந்தி சிலைக்கு எதிரே, பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய் முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. 1938 ஏப்ரல் 3 அன்று கவர்னர் குரோசிக்கியா திறந்துவைத்தார். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் கம்பி வேலிக்கு உள்ளே அது அமைதியாக நிற்கும். மாலை நடைக்கு வருபவர்கள் அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டு, பஞ்சுமிட்டாய் வாங்கப் போவார்கள். ஜூலை 14 அன்று கதவு திறக்கும். முந்தைய இரவு மூவண்ணக் காகித விளக்குகளோடு ஊர்வலம். காலையில் பதக்கங்கள் அணிந்த முதியவர்கள் வந்து நிற்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை குறைகிறது. இரண்டு நாட்டுப் பண்களும் ஒலிக்கும். அந்தக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு சற்றுத் தள்ளி நிற்பவர் தலையில் சிவப்புக் கெப்பி இருக்கும். நிற்பவர் இந்தியக் குடியரசின் காவலர். எதிரே நிற்பவர்கள் பிரான்சின் முன்னாள் சிப்பாய்கள். தொப்பி மட்டும் இருவருக்கும் சொந்தம்.

மார்க்கெட்டின் அதிகாரப்பூர்வப் பெயர் குபேர் அங்காடி. பிரெஞ்சுத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்து, பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து, 1954இல் இணைப்பின் பக்கம் வந்து, 1963இல் புதுச்சேரியின் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர். பெயர்ப்பலகையைப் பார்த்து யாரும் வழி கேட்பதில்லை. பெரிய மார்க்கெட் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரிகிறது. பக்கத்தில் இருக்கும் காவல் நிலையத்துக்கும் பெரியகடை என்றுதான் பெயர்.

போன வாரம் மதியம் அங்கே போயிருந்தேன். நேரு வீதி முனையில் நின்றிருந்த காவலர், வண்டிகள் குறைந்த ஒரு இடைவெளியில் ஓரமாக வந்து, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நெற்றியில் குறுக்காக ஒரு கோடு பதிந்திருந்தது. பக்கத்தில் மூட்டை இறக்கிவிட்டு வந்தவர் சும்மாட்டைப் பிரித்து உதறி, அதே துண்டால் முகத்தையும் பிடரியையும் துடைத்தார். இருவரும் ஒரே வண்டியில் எலுமிச்சை சோடா வாங்கிக் குடித்தார்கள். பிறகு ஒருவர் துண்டை முறுக்கத் தொடங்கினார், மற்றவர் தொப்பியின் உள்பக்கத்தைக் கைக்குட்டையால் துடைத்து, நிதானமாகத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலுக்குப் போனார்.